செத்துப்போனவர் மேடையேறிய கதை: 'சுகர் மேன்' படமும் அது சொல்லாமல் விட்டதும்

ஒரு நாட்டில் இளைஞர் பட்டாளமே ஒரு பாடகரின் பாட்டை மனப்பாடமாகப் பாடுகிறது. அதே நேரத்தில் அந்தப் பாடகர் இன்னொரு கண்டத்தில் பழைய வீடுகளை இடித்துத் தள்ளும் வேலையில் இருக்கிறார். தன் பாட்டு அங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று பாடுபவர்களுக்கும் தெரியாது. கால் நூற்றாண்டு இப்படியே போகிறது.

2012-ல் வெளிவந்து மறு ஆண்டு ஆஸ்கர் வென்ற 'சேர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படம் சொல்லும் கதை இது. சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் என்ற அமெரிக்கப் பாடகரைப் பற்றியது. பார்த்து முடித்தவர்களுக்கு வழக்கமாக மூன்று கேள்விகள் எழும். இப்படியெல்லாம் நடக்குமா? விற்ற காசு யார் கைக்குப் போனது? படம் சொல்வது முழுக்க உண்மைதானா? முதல் கேள்விக்கான பதில் தென்னாப்பிரிக்க அரசியலில் இருக்கிறது. இரண்டாவதற்கு ஒப்பந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும்.

ஆள் யார்?

1942 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பத்தில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தவர். ஆறாவது என்பதால்தான் 'சிக்ஸ்டோ' என்று பெயர். கார் தொழிற்சாலைகளின் நகரம் அது. 1967-ல் பெரிய கலவரம் கண்டது. அதன் பிறகு வீதி வீதியாகக் காலியாகிக்கொண்டே வந்தது. ரோட்ரிகஸின் பாட்டுகளில் வரும் போதைப்பொருள் விற்பவன், வேலை இழந்தவன், ஊழல் மேயர் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மதுக்கடையில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடியவரை டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் கண்டெடுத்தார்கள். கிளாரன்ஸ் அவாண்ட் தொடங்கியிருந்த சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1970-ல் 'கோல்ட் ஃபேக்ட்' தொகுப்பை வெளியிட்டது. 1971-ல் இரண்டாவது தொகுப்பு, லண்டனில் பதிவான 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி'. அமெரிக்காவில் இரண்டையும் சீண்ட ஆளில்லை. நிறுவனம் அவரைக் கழற்றிவிட்டது. 1975-ல் சசெக்ஸும் மூடப்பட்டது.

அதன் பிறகு அவர் கட்டட இடிப்பு, வீடு பழுதுபார்ப்பு என்று உடலுழைப்பில் பிழைத்தார். அரசு ஏலத்தில் 50 டாலருக்கு ஒரு பாழடைந்த வீட்டை வாங்கிக் குடியேறினார். வேலைக்கு நடுவே படித்து 1981-ல் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். உள்ளூர்ப் பதவிகளுக்குப் பல முறை தேர்தலில் நின்று தோற்றார். 'தோற்றுப்போன கலைஞன்' என்ற வார்ப்பில் இவரை அடைப்பது கடினம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். தோல்வியில் சுருண்டு குடித்து அழிந்த ஆள் இல்லை இவர். பாட்டு நின்றதும் வேறு வேலை பார்க்கப் போனார், அவ்வளவுதான்.

கேள்வி ஒன்று: இது எப்படிச் சாத்தியம்?

'கோல்ட் ஃபேக்ட்' 1971-ல் தென்னாப்பிரிக்காவில் ஏ அண்ட் எம் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தது. அங்கே அது பரவியதற்கும், பரவிய செய்தி வெளியே போகாமல் இருந்ததற்கும் காரணம் ஒன்றே: இன ஒதுக்கல் ஆட்சி. அது மூன்று வழிகளில் வேலை செய்தது, ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதால் வரிசையாகப் பார்ப்பது நல்லது.

1. தணிக்கை. வானொலி அரசின் கையில் இருந்தது. தொலைக்காட்சியே 1976-ல்தான் அந்த நாட்டுக்கு வந்தது. ஆட்சேபத்துக்குரிய பாட்டு என்றால் வானொலி நிலையக் காப்பகத்தில் இருக்கும் இசைத்தட்டிலேயே அந்தப் பாட்டின் வரித்தடத்தைக் கூரான கருவியால் கீறி வைப்பார்கள். தவறிக்கூட ஒலிபரப்ப முடியாது. படத்தில் அந்தக் கீறல் விழுந்த தட்டைக் காட்டுகிறார்கள். மொத்தப் படத்தில் என்னை அதிகம் உலுக்கிய காட்சி அதுதான். ஆனால் தட்டு கடைகளில் கிடைத்தது. வானொலியில் வராத பாட்டு கடையில் கிடைத்தால் என்ன ஆகும்? கையோடு கை மாறும், கேசட்டில் படியெடுக்கப்படும்.

2. ராணுவம். வெள்ளையின இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவப் பணி இருந்தது. 1977 முதல் அது இரண்டு ஆண்டு. அங்கோலா எல்லைப் போருக்கு அனுப்பப்பட்ட பையன்களின் முகாம்களில் இந்த கேசட்டுகள் சுற்றின. ஆட்சியதிகாரத்தை எதிர்க்கலாம் என்ற எண்ணமே அந்தத் தலைமுறைக்கு இந்தப் பாட்டுகள் வழியாகத்தான் வந்தது என்று படத்தில் பேசுபவர்கள் சொல்கிறார்கள். பின்னாளில் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஆட்சியைக் கிண்டலடித்துப் பாடிய 'வோயல்ஃப்ரை' இயக்கக் கலைஞர்களும் இந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

3. புறக்கணிப்பு. உலகக் கலைஞர்களில் பலர் தென்னாப்பிரிக்காவுக்குப் போகவில்லை. 1980 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே பண்பாட்டுப் புறக்கணிப்புக்குத் தீர்மானம் போட்டது. புதிரின் சாவி இங்கே இருக்கிறது, படம் இதை அழுத்திச் சொல்வதில்லை. வெளிநாட்டுப் பாடகர்கள் அரிதாகவே வந்த ஊரில், ரோட்ரிகஸ் வராதது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பேட்டி இல்லை, புதுத் தட்டு இல்லை, புகைப்படம் என்று உறையில் இருக்கும் கறுப்புக்கண்ணாடிப் படம் மட்டும். அந்த வெற்றிடத்தில் வதந்தி வளர்ந்தது. மேடையிலேயே தீக்குளித்தார் என்றார்கள். சுட்டுக்கொண்டார் என்றார்கள். போதைமருந்தில் போனார் என்றார்கள். செத்தவரைத் தேடி யாரும் கடிதம் போட மாட்டார்கள்.

புறக்கணிப்பு ஆட்களை நிறுத்தியது. தட்டு வியாபாரத்தை நிறுத்தவில்லை. உள்ளூர் நிறுவனங்கள் உரிமத்தின் பேரில் அச்சடித்து விற்றுக்கொண்டுதான் இருந்தன. ஆக, பாட்டு உள்ளே போகும் வழி திறந்திருந்தது. செய்தி வெளியே வரும் வழி அடைத்திருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைவிடப் பெரியவர் என்ற வகையில் படத்தில் வரும் பேச்சு வெள்ளையினச் சிறுபான்மையின் அனுபவம். நாட்டின் பெரும்பான்மைக் கறுப்பின மக்கள் என்ன கேட்டார்கள், அவர்களுடைய எதிர்ப்புப் பாடல்கள் எவை என்பதற்குப் படத்தில் இடமே இல்லை. ரோட்ரிகஸின் பாட்டு ஆட்சியைக் கவிழ்த்தது போன்ற எண்ணம் பார்ப்பவருக்கு வந்தால் அது இந்த வெற்றிடத்தால் வருவது.

கேள்வி இரண்டு: காசு எங்கே?

படத்தின் நடுவில் தேடல் டெட்ராய்டை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகிறது. சசெக்ஸ் உரிமையாளர் அவாண்டிடம் ராயல்டி, அதாவது விற்பனையில் கலைஞருக்கு வரவேண்டிய பங்கு, பற்றிப் படமெடுத்தவர்கள் கேட்கிறார்கள். அவர் எரிச்சலடைகிறார். 1970-ல் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி இப்போது கவலைப்பட முடியுமா என்கிற தொனி. காட்சி அங்கே முடிந்துவிடுகிறது. வில்லனைக் கண்ட திருப்தி நமக்கு. ஆனால் ஒன்றும் புரிந்திருக்காது. புரிய வேண்டுமென்றால் ராயல்டி என்பது ஒரே காசு இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு இசைத்தட்டு விற்றால் இரண்டு தனித்தனிப் பங்குகள் பிறக்கின்றன.

1. பாடியதற்கான பங்கு. ஒலிப்பதிவு, அதை வெளியிடும் நிறுவனத்துக்குச் சொந்தம். விற்பனையில் ஒரு சிறு விழுக்காடு பாடகருக்கு. ஆனால் நிறுவனம் கொடுத்த முன்பணமும், ஒப்பந்தத்தைப் பொறுத்து ஒலிப்பதிவுக் கூடச் செலவும் முதலில் இந்தப் பங்கிலிருந்தே கழிக்கப்படும். கடன் தீரும்வரை பாடகர் கையில் ஒரு காசும் வராது. உதாரணத்துக்கு, பதிவுச் செலவு 30,000 டாலர், தட்டுக்குப் பாடகர் பங்கு 20 சென்ட் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை லட்சம் தட்டு விற்ற பிறகுதான் முதல் டாலர் கண்ணில் படும். நிறுவனம் அதற்கு வெகு முன்பே லாபம் பார்த்திருக்கலாம்.

2. பாட்டை எழுதி மெட்டமைத்ததற்கான பங்கு. இது ஒலிப்பதிவோடு சேராதது. அச்சடிக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டுக்கு இவ்வளவு என்று, பாடலுரிமை வைத்திருக்கும் பதிப்பக நிறுவனம் வழியாக எழுதியவருக்குப் போக வேண்டும். பொதுவாக ஒலிப்பதிவுச் செலவை இதிலிருந்து கழிக்கக் கூடாது.

'கோல்ட் ஃபேக்ட்' தொகுப்பில் 12 பாட்டு. அதில் 10 ரோட்ரிகஸ் எழுதியது. ஆகவே "அமெரிக்காவில் போட்ட காசே திரும்பவில்லை, அவருக்கு எங்கிருந்து கொடுப்பது" என்ற சமாதானம் முதல் பங்குக்கு வேண்டுமானால் பொருந்தும். இரண்டாவதற்குப் பொருந்தாது. அச்சான ஒவ்வொரு தென்னாப்பிரிக்கத் தட்டுக்கும் யாரோ ஒருவர் கணக்கில் பாடலாசிரியர் பங்கு ஏறியிருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்க நிறுவனத்தார் படத்தில் தாங்கள் ஒழுங்காகப் பணம் அனுப்பியதாகச் சொல்கிறார்கள். விற்றது ஐந்து லட்சம் இருக்கலாம் என்பது படத்தில் வரும் மதிப்பீடு. கணக்காய்வாளர் சரிபார்த்த கணக்கு ஒன்றும் முன்வைக்கப்படவில்லை. அதற்கு மேல் கள்ளப் பதிப்பும் கேசட் படியெடுப்பும். அதில் ராயல்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. இத்தனை கை மாறி வரும் பணம் எந்தக் கையில் நின்றது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. சங்கிலியின் நடுக்கண்ணியான சசெக்ஸே 1975-ல் போய்விட்டது. நிறுவனம் மூடப்பட்டாலும் உரிமைகள் சாவதில்லை. யாரோ ஒருவருக்குக் கைமாறி வாழ்ந்துகொண்டிருக்கும். பாடகருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை மட்டும் அந்தக் கைமாற்றத்தில் வசதியாகத் தொலைந்துபோகும்.

இதற்குள் இன்னொரு முடிச்சு உண்டு. அது படம் வெளிவந்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 'கோல்ட் ஃபேக்ட்' தட்டின் நடுவட்டத்தில் பாடலாசிரியர் பெயரைப் பார்த்தால் 'சிக்ஸ்டோ ரோட்ரிகஸ்' என்று இருக்காது. 'ஜீசஸ் ரோட்ரிகஸ்' என்றும் 'சிக்ஸ்த் பிரின்ஸ்' என்றும் இருக்கும். ஏன்? 1966-ல் ரோட்ரிகஸ் டெட்ராய்டைச் சேர்ந்த ஹாரி பால்க் என்பவரின் கோம்பா மியூசிக் நிறுவனத்தோடு பாடல் எழுதித்தரும் ஒப்பந்தம் போட்டிருந்தார். அதே பெயரில் இன்னொரு நிறுவனத்துக்குப் பாட்டெழுதினால் அந்த உரிமை கோம்பாவுக்குப் போய்விடும். 2014-ல் கோம்பா டெட்ராய்ட் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த ஒப்பந்தத்தை மறைப்பதற்காகவே அவாண்ட் தரப்பு புனைபெயர்களைப் பயன்படுத்தியது என்பது அதன் குற்றச்சாட்டு. அவாண்ட் தரப்பு பதிலுக்கு ரோட்ரிகஸையும் வழக்குக்குள் இழுத்துவிட்டது.

பாட்டெழுதியவரின் உண்மையான பெயரே தட்டில் இல்லை என்றால் நடைமுறையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உலகின் எந்த மூலையில் வசூலான பாடலாசிரியர் பங்கும் அவர் பெயருக்கு வந்து சேர வழியில்லை. அவரைக் கண்டுபிடிக்கத் தென்னாப்பிரிக்க ரசிகர்கள் திண்டாடியதிலும் இந்தப் பெயர்க் குழப்பத்துக்குப் பங்கு உண்டு.

தேடல் எப்படி முடிந்தது

இந்தப் பகுதியைப் படமே நன்றாகச் சொல்கிறது, சுருக்கமாகப் போதும். கேப்டவுனைச் சேர்ந்த ஸ்டீபன் செகர்மேன் (ரோட்ரிகஸின் 'சுகர் மேன்' பாட்டை ஒட்டி இவருக்கே 'சுகர்' என்று பட்டப்பெயர்) 1996-ல் இரண்டாவது தொகுப்பு அங்கே குறுந்தகடாக வந்தபோது அதன் உறைக் குறிப்பில், துப்பறியும் இசை ஆய்வாளர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். அதைப் படித்த கிரெய்க் பார்த்தலோமியூ ஸ்ட்ரைடம் என்ற இதழாளர் தேடத் தொடங்கினார். காசு போகும் வழியைப் பின்தொடர்ந்து ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் துப்புக் கொடுத்தது ஒரு பாட்டு வரியில் வந்த ஊர்ப்பெயர்: டியர்பார்ன். டெட்ராய்டை ஒட்டிய நகரம். அந்த நூலைப் பிடித்துத் தயாரிப்பாளர் மைக் தியோடருக்குத் தொலைபேசினார். செத்தாரா, எப்படிச் செத்தார் என்று கேட்டவருக்கு ஆள் உயிரோடு இருக்கிறார் என்று பதில் வந்தது. இணையத்தில் இவர்கள் வைத்திருந்த தேடல் பக்கத்தைப் பார்த்துவிட்டு ரோட்ரிகஸின் மகள் ஈவாவும் தொடர்புகொண்டார்.

1998 மார்ச்சில், தன் 55-வது வயதில், ரோட்ரிகஸ் கேப்டவுனில் ஆயிரக்கணக்கானோர் முன் மேடையேறினார். அவரைப் பார்த்ததும் கூட்டம் போட்ட கூச்சலில் முதல் பாட்டைத் தொடங்கவே நேரம் பிடித்தது. அந்தப் பயணத்தைப் பற்றி 2001-லேயே தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு ஆவணப்படம் ஒளிபரப்பானது என்பது பலருக்குத் தெரியாது. உலகம் பார்த்தது இரண்டாவது படத்தை.

கேள்வி மூன்று: படம் எதை வெட்டியது?

ஆஸ்திரேலியாவை. முழுதாக.

1970-களின் நடுவில் சிட்னி வானொலி ஒன்றில் 'சுகர் மேன்' பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். இறக்குமதித் தட்டுகள் தீர்ந்ததும் ப்ளூ கூஸ் என்ற உள்ளூர் நிறுவனம் உரிமை வாங்கி மறுபதிப்பு போட்டது. 1977-ல் ஒரு தேர்வுத் தொகுப்பும் வந்தது. 1979-ல் ரோட்ரிகஸை அழைத்துவந்து நாடு முழுக்கக் கச்சேரி நடத்தினார்கள். 1981-ல் மறுபடி வந்தார், மிட்நைட் ஆயில் என்ற ராக் இசைக்குழுவோடு. 1979 கச்சேரிகளின் ஒலிப்பதிவு தட்டாகவும் வெளிவந்தது. அதன் தலைப்பு 'அலைவ்', அதாவது 'உயிரோடு'. அவர் இறந்துவிட்டார் என்ற வதந்தியைக் கேலி செய்யும் தலைப்பு.

இது சின்ன விடுபடல் இல்லை. படத்தின் முதுகெலும்பே 1971-க்கும் 1998-க்கும் இடையில் அவர் மேடையே பார்க்காதவர், தன் மதிப்பே அறியாதவர் என்ற எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. கேப்டவுன் மேடையில் பெருங்கூட்டத்தின் முன் அவர் பதற்றமே இல்லாமல் நிற்பதைப் பார்த்து, பிறவி ஞானி என்பது போலப் படத்தில் வியக்கிறார்கள். கடல் கடந்து போய், தன் பாட்டைத் தெரிந்த கூட்டத்தின் முன் நிற்பது அவருக்கு அது முதல் முறை இல்லை.

பொய் சொன்னார்கள் என்று சொல்லலாமா? நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். தென்னாப்பிரிக்காவைப் பற்றி அவருக்கு 1990-களின் பிற்பகுதி வரை தெரியாது என்பது உண்மை. அங்கே அவரைச் செத்தவர் என்று நம்பியதும் உண்மை. படம் முழுக்க அந்த ரசிகர்களின் கண்வழியே போகிறது, தேடிய காலத்தில் அவர்களுக்கும் ஆஸ்திரேலியக் கச்சேரிகள் பற்றித் தெரியாது. ஆனால் இயக்குநருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே விட்டதைப் பார்வையாளருக்கு ஒரு வரியில் சொல்லியிருந்தால் கதை கொஞ்சம் மெலிந்திருக்கும், நேர்மை கூடியிருக்கும்.

உண்மையில் ஆஸ்திரேலியாவைச் சேர்த்தால் கதை இன்னும் விநோதமாகிறது என்பது என் எண்ணம். இரண்டும் ஆங்கிலம் புழங்கும், கிரிக்கெட் ஆடும், தெற்குப் பக்க நாடுகள். ஒன்றில் 1979-லேயே ஆள் நேரில் வந்து பாடிவிட்டுப் போகிறார். இன்னொன்றில் 1996-ல் ஆள் எப்படிச் செத்தார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இன ஒதுக்கல் ஆட்சி தன் வெள்ளைக் குடிமக்களையே எவ்வளவு இறுக்கமாக மூடி வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? படம் தன் கையில் இருந்த அந்தச் சாட்சியைத் தூக்கிப் போட்டுவிட்டது.

படம் உருவான விதம்

இயக்குநர் மாலிக் பெஞ்செலூல் ஸ்வீடன்காரர். 2006-ல் கதை தேடி ஆப்பிரிக்காவில் சுற்றியபோது செகர்மேனைச் சந்தித்தார். ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ ஒற்றை ஆளாக வேலை செய்தார். பணம் தீர்ந்தபோது, பழைய 8 எம்எம் படச்சுருள் போலத் தோன்றவேண்டிய சில காட்சிகளை ஐபோனில் மலிவான ஒரு செயலியைக் கொண்டு எடுத்தார். சித்திர அசைவுகளையும் தானே வரைந்தார். 2012 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டு அங்கே பார்வையாளர் விருதும் நடுவர் சிறப்பு விருதும் பெற்றது. ஆஸ்கர் பெற்ற மறு ஆண்டு, 2014 மே மாதம், பெஞ்செலூல் 36 வயதில் ஸ்டாக்ஹோமில் தற்கொலை செய்துகொண்டார்.

ஒரு மறுவருகையா, மூன்றா?

படம் ஒரே மறுவருகையைக் காட்டுகிறது. கணக்கெடுத்தால் மூன்று வரும்.

1. 1979, ஆஸ்திரேலியா. பிறகு மறுபடி கட்டட வேலை.

2. 1998, தென்னாப்பிரிக்கா. அங்கே கிடைத்த பணத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பினார். ஊர்க்காரர்களில் பலர் நம்பவே இல்லையாம்.

3. சொந்த நாடு. இதுவும் படத்தோடு திடீரென்று தொடங்கவில்லை. 2001-ல் ராப் பாடகர் நாஸ் 'சுகர் மேன்' பாட்டின் ஒலித்துண்டைத் தன் பாட்டில் பயன்படுத்தினார். லைட் இன் தி அட்டிக் நிறுவனம் இரண்டு தொகுப்புகளையும் 2008, 2009 ஆண்டுகளில் அமெரிக்காவில் மறுபதிப்பு செய்தது. படம் அந்தக் கங்கை ஊதிப் பற்றவைத்தது. எழுபது வயதில் லெட்டர்மேன் தொலைக்காட்சி நிகழ்ச்சி, கோசெல்லா, கிளாஸ்டன்பரி இசை விழா மேடைகள். அதற்குள் கிளாக்கோமா என்ற கண்நோயால் பார்வை பெருமளவு மங்கியிருந்தது. கையைப் பிடித்துத்தான் மேடைக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. 2013-ல் அவர் படித்த பல்கலைக்கழகமே மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. 2023 ஆகஸ்ட் 8 அன்று 81 வயதில் காலமானார். ஐந்தே நாள் கழித்து, அதே மாதம் 13-ஆம் தேதி, கிளாரன்ஸ் அவாண்டும் போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்கர் விழாவுக்கு ரோட்ரிகஸ் போகவில்லை. படமெடுத்தவர்கள் மேல் விழவேண்டிய வெளிச்சத்தைத் தான் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார். விருது அறிவிக்கப்பட்டபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் தொலைக்காட்சி இணைப்பு கிடையாது. மகள் போன் பண்ணிச் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.